படிக்கட்டுக் கோடு

1759 டிசம்பர். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கடுங்குளிர். அங்கிருந்த அறிவியல் கழகத்தைச் சேர்ந்த யோசஃப் பிரவுன், பாதரச வெப்பமானி ஒன்றைப் பனியும் நைட்ரிக் அமிலமும் கலந்த குழம்புக்குள் இறக்கினார். செயற்கையாக எவ்வளவு குளிரை உண்டாக்க முடியும் என்று பார்ப்பதுதான் நோக்கம். பாதரசம் மளமளவென்று இறங்கியது. பிறகு அசையவே இல்லை. கண்ணாடியை உடைத்துப் பார்த்தால், உள்ளே வெள்ளி போல மின்னும் கெட்டி உருண்டை. கழகத்தின் இன்னொரு அறிஞரான மிகையில் லொமனோசவும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டார். உறைந்த பாதரசத்தை அடித்துப் பார்த்தார்கள். அது நொறுங்கவில்லை, காரீயம் போலத் தட்டையானது.

அந்த அடியில் ஒரு பழைய வழக்கு தீர்ந்தது. பாதரசம் உலோகமா, இல்லையா? பளபளப்பு இருக்கிறது, கனம் இருக்கிறது. ஆனால் தட்டித் தகடாக்க முடியாதது எப்படி உலோகமாகும்? இந்திய ரசவாத நூல்கள் அதைப் பொன், வெள்ளி, செம்பு வரிசையில் சேர்க்காமல் ‘ரசம்’ என்று தனி ஆசனம் போட்டு உட்கார வைத்தன. ஐரோப்பிய ரசவாதிகள் ஏழு கோள்களுக்கு ஏழு உலோகம் என்று கணக்குப் போட்டு, புதனுக்குப் பாதரசத்தைக் கொடுத்தார்கள். ஆனால் கறாரான ஆட்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கோபால்ட்டைக் கண்டுபிடித்த சுவீடன் நாட்டு ஜார்ஜ் பிராண்ட், 1735இல் ‘அரை உலோகங்கள்’ என்று ஒரு பிரிவே வகுத்தார். பாதரசம், ஆன்டிமனி, பிஸ்மத், ஆர்செனிக், கோபால்ட், துத்தநாகம் ஆகிய ஆறும் அதில் அடைபட்டன. தீயில் உருக வேண்டும், சுத்தியலுக்கு வளைந்துகொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றில் தவறினாலும் அரை மதிப்பெண்தான்.

இந்த ஆறில் துத்தநாகத்தின் கதை தனியாகச் சொல்லத் தகுந்தது. ராஜஸ்தானின் ஜாவர் சுரங்கங்களில், ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதை வாலை வடித்துப் பெருமளவில் எடுத்தார்கள். செம்போடு கலந்தால் பித்தளை. ஆனால் தனித் துத்தநாகக் கட்டியைச் சுத்தியலால் அடித்தால் விரிசல் விடும். பிராண்ட் அதைக் கீழே இறக்கியது இதனால்தான். 1805இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாப்சன், சில்வெஸ்டர் என்ற இருவர் துத்தநாகத்தை உருளையில் இட்டுத் தகடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். சூட்சுமம் எளிது: 100 டிகிரிக்கும் 150 டிகிரிக்கும் இடையில் சூடாக்கிக்கொண்டால் துத்தநாகம் சொன்னபடி கேட்கும். 200ஐத் தாண்டினால் மறுபடியும் நொறுங்கும். அறையின் வெப்பத்தில் அரை உலோகம், கொதிநீர்ச் சூட்டில் முழு உலோகம், இன்னும் சூடேற்றினால் திரும்பவும் அரை. துத்தநாகம் மாறவில்லை, சோதனை நடந்த இடத்தின் சூடுதான் மாறியது. இந்த அத்தியாயம் முழுக்க இதே சங்கடம் வேறு வேறு வேடத்தில் வரப்போகிறது.

லவாய்சியே 1789இல் தம் வேதியியல் நூலில் கொடுத்த பட்டியலில் 33 ‘எளிய பொருள்கள்’ இருந்தன. ஒளியும் வெப்பமும்கூட அவற்றில் அடக்கம். கந்தகம், பாஸ்பரஸ், கரி போன்றவை அலோகங்கள் என ஒரு கூட்டம், உலோகங்கள் 17. பிராண்ட் ஒதுக்கிய ஆறையும் லவாய்சியே முழு உலோகங்களாகவே சேர்த்துக்கொண்டார். சுத்தியலின் அதிகாரம் அங்கே முடிந்தது. ஆக்சிஜனோடும் அமிலங்களோடும் ஒரு பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதே அவர் பார்த்தது. சுண்ணாம்பு, மக்னீசியா போன்ற ஐந்து ‘மண்’களை நான்காம் கூட்டமாக வைத்துவிட்டு, இவற்றுக்குள் உலோகம் ஒளிந்திருக்கலாம் என்றும் சந்தேகப்பட்டார். சந்தேகம் சரிதான். நிரூபணமாவதைப் பார்க்கத்தான் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1794 மே மாதம் கில்லட்டின் அவர் தலையை எடுத்தது.

1807 அக்டோபரில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி, சற்றே ஈரமான பொட்டாஷின் வழியே பெரிய மின்கல அடுக்கிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தினார். பாதரசத் துளி போன்ற மணிகள் பிதுங்கி வந்தன. சில வெளியே வந்த வேகத்திலேயே தீப்பற்றிக்கொண்டன. டேவி அறைக்குள் குதித்துக் குதித்து ஆடினார் என்று உதவியாளராக இருந்த அவருடைய உறவினர் எழுதிவைத்திருக்கிறார். அந்த மணிகள் பொட்டாசியம். சில நாளில் சோடியமும் அதே வழியில் வந்தது.

ஆட்டம் அடங்கியதும் தலைவலி வந்தது. மின்னுகிறது, மின்சாரத்தையும் வெப்பத்தையும் கடத்துகிறது, விரலால் அழுத்தினால் தட்டையாகிறது. ஆனால் தண்ணீரில் மிதக்கிறது! உலோகம் என்றால் கனம் என்பது யாரும் எழுதிவைக்காத, எல்லாரும் நம்பிய விதி. மிதக்கும் உலோகம் என்பது கேட்கவே முரண். டேவி அடுத்த மாதமே ராயல் சொசைட்டி சொற்பொழிவில் இந்தக் கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டார். பிளாட்டினத்துக்கும் டெல்லூரியத்துக்கும் எடையில் உள்ள பெரிய இடைவெளியைக் காட்டி, உலோகங்களுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாட்டைச் சகித்துக்கொள்கிறோம், இன்னும் கொஞ்சம் இறங்கினால் என்ன என்பதுபோல வாதிட்டார். வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. வகைப்பாட்டில் நேர்மையானவர்கள் செய்யும் காரியம் அதுதான்: புதிய பொருள் பழைய விதிக்குள் அடங்காவிட்டால் விதியைத் தளர்த்துவது.

சுத்தியல் போயிற்று, கனமும் போயிற்று. வேதியியலார் ஆக்சைடைப் பிடித்துக்கொண்டார்கள். உலோகம் எரிந்தால் கிடைப்பது காரம், அலோகம் எரிந்தால் அமிலம் என்பது பள்ளிப் பாடம். சுண்ணாம்பு காரம், கந்தகம் எரிந்த புகை நீரில் கரைந்தால் அமிலம். அழகான விதி, பாதி வழிவரைக்கும். குரோமியமும் மாங்கனீசும் சந்தேகமில்லாத உலோகங்கள். ஆனால் ஆக்சிஜனை நிறைய ஏற்றிக்கொண்ட நிலையில் இரண்டின் ஆக்சைடுகளும் அமிலத்தன்மை கொண்டவை. புண் கழுவப் பயன்படும் பெர்மாங்கனேட், மாங்கனீசின் அந்த அமில முகத்திலிருந்து வரும் உப்புதான்.

மின்சாரமாவது கைகொடுக்குமா? உலோகம் கடத்தும், அலோகம் கடத்தாது. எண்களைப் பார்ப்போம். அறை வெப்பத்தில் வெள்ளியின் தன்மின்தடையை 1 என்று வைத்துக்கொண்டால் டைட்டானியத்துக்கு ஏறத்தாழ 26, பாதரசத்துக்கு 60, மாங்கனீசுக்கு 90. சரி, ஆர்செனிக்குக்கு? 21. பாடப்புத்தகம் ‘உலோகப்போலி’ என்று ஒதுக்கும் ஆர்செனிக், விமான உறுப்புகள் செய்யும் டைட்டானியத்தைவிட நன்றாகவே மின்சாரத்தைக் கடத்துகிறது. அலோகமான கரியோ, கிராஃபைட் வடிவில் மின்முனையாகிறது, வைர வடிவில் மின்சாரத்துக்குக் கதவைச் சாத்திவிடுகிறது. அதே வைரம் வெப்பத்தைச் செம்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்துவது வேறு விஷயம்.

எவ்வளவு கடத்துகிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, சூடேற்றினால் கடத்தல் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டபோதுதான் வெளிச்சம் வந்தது. உலோகத்தில் சூடு ஏற ஏற மின்தடை கூடும். எரியும் குண்டு பல்பின் டங்ஸ்டன் இழையில், அணைந்திருக்கும்போது உள்ளதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் மின்தடை இருக்கும். வெள்ளி சல்ஃபைடில் இது தலைகீழாக நடப்பதை ஃபாரடே 1833இல் கவனித்தார். சூடேற்றினால் அது முன்னைவிட நன்றாகக் கடத்தியது. நாம் இன்று குறைக்கடத்தி என்று சொல்லும் சாதியின் முதல் அடையாளம் இது. அதன் பொருள் விளங்க நூறாண்டு பிடித்தது.

அதுவரை நடந்த தவறுகளில் பெரியது ஜெர்மானியம். மெண்டலேயெவ் 1871இலேயே குணங்களைக் கணித்து வைத்திருந்த தனிமத்தை, 1886இல் ஃப்ரைபர்க் நகரில் கிளெமென்ஸ் விங்க்லர் கண்டெடுத்தார். சாம்பல் நிறம், மின்னும், ஓரளவு கடத்தும். ஆகவே மட்டமான உலோகம் என்று ஐம்பது ஆண்டுகள் முத்திரை குத்தி மூலையில் வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ராடாருக்காக அதைத் தூய்மைப்படுத்தத் தொடங்கியபோதுதான் உண்மை தெரிந்தது: அந்தக் கடத்தலில் பெரும்பகுதி அழுக்கின் வேலை. அழுக்கு நீங்க நீங்க ஜெர்மானியம் கடத்த மறுத்தது. 1947இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. மட்டமான உலோகமாகவே அது நீடித்திருந்தால் அந்தக் கருவி வேறு எப்போது, எதில் பிறந்திருக்குமோ!

இந்த இடத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். ஒற்றை இரும்பு அணு உலோகமா? இல்லை. ஒற்றைக் கந்தக அணு அலோகமா? அந்தக் கேள்விக்கே பொருள் இல்லை. தனியாக மிதக்கும் எந்த அணுவும் தன் எலக்ட்ரான்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பாதரச ஆவியில் அணுக்கள் ஒவ்வொன்றாகத் திரிகின்றன. அது மின்சாரத்தைக் கடத்தாத வாயு. பாதரசத்தை மிக உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வைத்து மெல்ல விரியவிட்டால், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 9 கிராமாக இறங்கும் கட்டத்தில், திரவமாக இருக்கும்போதே அது உலோகத்தன்மையை இழக்கிறது. உலோகம் என்பது கூட்டத்தின் குணம். அணுக்கள் நெருங்கி நிற்கும்போது, ஒன்றின் வெளி எலக்ட்ரான் எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது.

பொதுவானால் மட்டும் போதாது, நகரவும் இடம் வேண்டும். 1931இல் கேம்பிரிட்ஜின் ஆலன் வில்சன் இதைத் தெளிவாக்கினார். திண்மத்தில் எலக்ட்ரான்கள் ஆற்றல் பட்டைகளில் அமர்கின்றன. பட்டை முழுக்க நிறைந்திருந்தால் ஓட்டம் இல்லை. எல்லாப் புள்ளிகளிலும் காய் நிறைந்துவிட்ட ஆடு புலி ஆட்டத்தில் எந்த ஆடும் நகர முடியாததைப் போல. பட்டை பாதி காலியாக இருந்தால் உலோகம். நிறைந்த பட்டைக்கு மேலே சிறு இடைவெளி விட்டு ஒரு காலிப் பட்டை இருந்தால், சூடு சில எலக்ட்ரான்களை மேலே தள்ளிவிடும், குறைக்கடத்தி. இடைவெளி பெரிதானால் கடத்தாப் பொருள். ஃபாரடேயின் புதிர் இப்படி அவிழ்ந்தது.

இதிலிருந்து கறாரான ஓர் இலக்கணம் கிடைக்கிறது. 1977இல் நோபல் பரிசு பெற்ற நெவில் மாட் வலியுறுத்தியது அது: தனிப் பூச்சிய வெப்பத்தில், அதாவது −273.15 டிகிரியில், மின்சாரத்தைக் கடத்தினால் உலோகம், கடத்தாவிட்டால் அலோகம். நடுவில் எதுவும் இல்லை. தர்க்கத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த வெப்பநிலையை யாரும் எட்ட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாம் வாழும் சூட்டில் கோடு கலங்கலாகத்தான் தெரியும்.

எந்தத் தனிமம் எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு குறுக்குவழியும் உண்டு. கார்ல் ஹெர்ஸ்ஃபெல்டு 1927இல் இரண்டு அளவுகளை ஒப்பிட்டார். அணு தன் வெளி எலக்ட்ரான்களை எவ்வளவு தளர்வாகப் பிடித்திருக்கிறது என்பது ஒன்று. அணுக்கள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது மற்றொன்று. இரண்டின் விகிதம் 1ஐத் தாண்டினால் பிடி விட்டுப்போகும், உலோகம் பிறக்கும். 1983இல் பீட்டர் எட்வர்ட்ஸும் சீன்கோவும் இதைத் தனிம அட்டவணை முழுவதற்கும் போட்டுப் பார்த்தார்கள். 1க்கு அருகில் வந்து நின்றவை, பாடப்புத்தக அட்டவணையில் போரானில் தொடங்கிப் படிக்கட்டாக இறங்கும் கோட்டை ஒட்டிய தனிமங்கள்.

கோட்டைக் கண்ணால் பார்க்கவும் முடியும். அம்மோனியா −33 டிகிரியில் திரவமாகும். அதில் ஒரு துணுக்கு சோடியத்தைப் போட்டால் ஆழ்ந்த நீலம் பரவும். டேவியே உலர்ந்த அம்மோனியா வாயுவில் பொட்டாசியத்தை வைத்து இந்த நீலத்தைக் கண்டு குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அச்சில் வந்தது 1864இல், வெய்ல் என்பவரால். நீலத்தின் காரணம், சோடியத்தை விட்டு விலகி அம்மோனியா மூலக்கூறுகளின் நடுவே சிறைப்பட்டிருக்கும் எலக்ட்ரான்கள். இன்னும் சோடியம் போடுங்கள். எலக்ட்ரான்கள் நெருங்க நெருங்க, ஒரு கட்டத்தில் சிறைச் சுவர்கள் கரைகின்றன. திரவம் வெண்கல நிறத்தில் பளபளக்கத் தொடங்குகிறது. அது உருகிய உலோகம் போலவே கடத்துகிறது. சோடியத்துக்குப் பதில் லித்தியத்தை முடிந்தவரை கரைத்தால், பாதரசத்தைவிட நன்றாகவே கடத்தும். சோடியக் கரைசலை −42 டிகிரிக்குக் கீழே, சரியான அளவில் வைத்திருந்தால் இன்னும் வேடிக்கை: இரண்டும் பிரிந்து நிற்கும். கீழே நீல அலோகத் திரவம், மேலே அதன்மீது மிதக்கும் வெண்கல உலோகத் திரவம். ஒரே குடுவை, ஒரே இரண்டு பொருள்கள். உலோகத்துக்கும் அலோகத்துக்கும் நடுவிலுள்ள எல்லையை விரல் வைத்துக் காட்டக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

தனிமங்களுக்குள்ளும் கட்சி மாறிகள் உண்டு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு உண்மையில் வெள்ளீயத்தால் ஆனது. மிகத் தூய வெள்ளீயம் 13.2 டிகிரிக்குக் கீழே மெல்ல வேறு படிக அமைப்புக்கு மாறுகிறது. பருத்து, சாம்பல் நிறப் பொடியாக உதிர்கிறது. அந்தப் பொடியின் அணு அடுக்கு சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் ஒத்தது. உலோகக் குணம் போய்விடுகிறது. குளிர்நாட்டுத் தேவாலயங்களில் ஆர்கன் குழாய்கள் இப்படிப் புண்பட்டிருக்கின்றன. ஊட்டிக்காரர்கள் சொம்பைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். மாற்றம் வேகமெடுக்க உறைநிலைக்கும் வெகு கீழே இறங்க வேண்டும், ஆன்டிமனியோ பிஸ்மத்தோ சிறிதளவு கலந்திருந்தாலே அது தடைப்பட்டுவிடும்.

அழுத்தினால் இன்னும் விபரீதம். ஐதரசன் அட்டவணையில் சோடியத்தின் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, ஆனால் வாயு. அதைப் போதுமான அளவு நசுக்கினால் உலோகமாகும் என்று 1935இல் விக்னரும் ஹண்டிங்டனும் கணித்தார்கள்; ஏறத்தாழ இரண்டரை லட்சம் வளிமண்டல அழுத்தம் போதும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அது பல மடங்கு குறைவான மதிப்பீடு. 1996இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில், சுமார் 14 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில், ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டில், கண நேரத்தில் மறைந்துவிடும் திரவ உலோக ஐதரசனை உண்டாக்கினார்கள். திண்ம உலோக ஐதரசனைச் செய்துவிட்டதாக 2017இல் ஹார்வர்டிலிருந்து வந்த அறிவிப்பைப் பலர் ஏற்கவில்லை. வியாழனுக்கு இந்தச் சர்ச்சையைப் பற்றிக் கவலை இல்லை. அதன் வயிற்றுக்குள் பெரும்பகுதி திரவ உலோக ஐதரசன்தான். அக்கோளின் பிரம்மாண்டமான காந்தப்புலம் அங்கேதான் உருவாகிறது. எதிர்த்திசையில் சோடியம்: 2009இல் வெளியான ஆய்வில் அதை 20 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் வைத்தபோது, உலோகமென்றால் இதுதான் என்று நாம் காட்டும் அந்தச் சோடியம், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் கடத்தாப் பொருளானது.

வானியலாளர்களைப் பற்றியும் ஒரு வரி. ஐதரசன், ஹீலியம் இரண்டைத் தவிர மற்ற அனைத்தும் அவர்களுக்கு உலோகம். ஆக்சிஜனும் நியானும் உட்பட. வேதியியலார் பல்லைக் கடித்தாலும், விண்மீன்களின் வயதைக் கணக்கிட அந்தச் சோம்பேறி வகைப்பாடு நன்றாகவே உழைக்கிறது.

சரி, அட்டவணையில் வண்ணம் தீட்டுபவர் என்ன செய்வார்? போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்செனிக், ஆன்டிமனி, டெல்லூரியம் ஆகிய ஆறையும் உலோகப்போலிகள் என்று பெரும்பாலான நூல்கள் ஏற்கின்றன. சில நூல்கள் செலினியத்தையோ பொலோனியத்தையோ சேர்க்கின்றன. பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் தன் அட்டவணையில் இந்தக் கோட்டை வரைவதில்லை. எனக்கு அது புத்திசாலித்தனமாகவே படுகிறது. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக இதைக் கேட்பவர்கள், எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எந்த வடிவத்தில் என்றும் சேர்த்துக் கேட்டால் மாணவர்களுக்கு நியாயம் செய்தவர்கள் ஆவார்கள்.

படிக்கட்டின் அடியில் கிடக்கிறது அஸ்டட்டைன். 1940இல் பெர்க்லியில் கோர்சன், மெக்கன்சி, செக்ரே மூவரும் பிஸ்மத்தை ஆல்ஃபா துகள்களால் தாக்கி உண்டாக்கியது. அயோடினுக்கு நேர் கீழே இருப்பதால் உப்பீனி, எனவே அலோகம் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அதன் கட்டியை இதுவரை எவரும் பார்த்ததில்லை. நீண்ட நாள் வாழும் வகையின் அரை ஆயுளே எட்டு மணி நேரம்தான். கண்ணுக்குத் தெரியும் அளவு சேர்த்தால் தன் கதிர்வீச்சுச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். 2013இல் ஹெர்மன், ஹாஃப்மன், ஆஷ்கிராஃப்ட் மூவரும் கணக்கிட்டுப் பார்த்து, அஸ்டட்டைன் கட்டியாகுமானால் அது அயோடின் போல இரட்டை அணு மூலக்கூறுகளாக இராது, உலோகமாகவே இருக்கும் என்று எழுதினார்கள். கரைசலிலும் அதற்கு இரண்டு முகம்: அமிலத்தில் உலோகம் போல நேர்மின் அயனியாக நிற்கும், வேறு சூழலில் உப்பீனி போல எதிர்மின் அயனியாகும். புற்றுநோய்ச் செல்களைக் குறிவைத்துக் கொல்ல அஸ்டட்டைன்-211ஐப் பயன்படுத்த முயலும் மருத்துவ ஆய்வாளர்கள், ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனதும் அது பாதியாகக் கரைந்துவிடும் என்பதால், இரண்டு முகங்களில் அன்றைய வேலைக்கு எது தோதோ அதைப் பிடித்துக்கொண்டு மருந்தோடு இணைக்கிறார்கள்.